காலி மிதவை

அந்தக் குரல் இடப்பக்கத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. ஆனால் ஹெஸ்டருக்கு அது உடனே உறைக்கவில்லை. டிசம்பர் மாதத்து ஸ்காட்லாந்தில் மதியச் சாப்பாடு செரிக்கும் முன்பே இருட்டிவிடும். போதாக்குறைக்கு அன்று மூடுபனி வேறு வளைகுடாவை அப்படியே போர்த்தியிருந்தது. டீசல் புகையும் நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும் கடற்பாசி வீச்சமும் மூக்கில் ஏற, சுக்கானைப் பிடித்த விரல்கள் மரத்துப்போக, அவள் நினைப்பெல்லாம் பரீட்சையிலேயே இருந்தது. கப்பல்களுக்குத் தபால் பைகளைக் கொடுத்தாகிவிட்டது. இனிப் படகைப் பத்திரமாகத் துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால், கடற்படைப் பெண்கள் பிரிவில் அவளும் ஒரு படகோட்டி. சொதப்பினால் மறுபடி சமையல்கட்டு, மறுபடி மலைபோல் உருளைக்கிழங்கு.

"படகுல யாரு?"

மூடுபனிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. போர்க்காலத்தில் கப்பல் காவலாளி இப்படிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும், தயங்கினால் சுட்டுவிடுவான் என்று மூத்த படகோட்டி மேவிஸ் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். அந்தக் கப்பலுக்குப் போவதென்றால் 'வர்றோம்'. இல்லையென்றால் 'தாண்டிப் போறோம்'.

"வர்றோம்!" என்று கத்தினாள் ஹெஸ்டர். மத்தியானம் முழுக்கக் கப்பல் கப்பலாக அதையே சொல்லி நாக்கு பழகிவிட்டிருந்தது.

முன்பக்கத்தில் கொக்கிக் கம்போடு நின்ற பெக்கி சிரித்தாள். "போச்சுடா! தபாலே தீர்ந்துபோச்சு, இப்ப எதைக் கொண்டுபோய்க் குடுப்பே? உனக்கு உருளைக்கிழங்குதான் ராசி."

ஹெஸ்டர் பக்கத்தில் நின்ற மேவிஸைப் பார்த்தாள். பரீட்சை வைப்பவள் அவள்தான். திட்டு விழும் என்று நினைத்தாள். மேவிஸ் திட்டவில்லை. குண்டு விழுந்தாலும் அசராத பொம்பளை, அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இடப்பக்கம் கப்பலே கிடையாதுடி," என்றாள் மெதுவாக. "காலி மிதவைதான் இருக்கு. தார்ன்வுட் கப்பலைக் கட்டிப்போட்டிருந்த மிதவை."

பெக்கியின் சிரிப்பு நின்றது. தார்ன்வுட் அக்டோபரில் வெளிக்கடலில் மூழ்கிப்போன கப்பல். ஒருத்தரும் பிழைக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தப் பையன்களை நடனத்துக்குக் கரைக்கு அழைத்து வந்ததும் இதே படகுதான்.

"மாத்திச் சொல்லு. சீக்கிரம்!" என்று ஹெஸ்டரை உலுக்கினாள் மேவிஸ்.

"தாண்டிப் போறோம்!" ஹெஸ்டரின் குரல் கீச்சிட்டது. "தாண்டிப் போறோம்! தாண்டிப் போறோம்!"

ஆனால் பனிக்குள் வேலை ஆரம்பித்துவிட்டது. ஊதல் ஒன்று நீளமாக ஒலித்து அடங்கியது. சங்கிலி கடகடவென்று இறங்க, மரப்படிக்கட்டு ஒன்று எதிலோ இடித்து இடித்துத் தண்ணீரைத் தொட்டது. அதற்கும் மேலே, இரும்புத் தளத்தில், பூட்ஸ் கால்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டி நிற்கும் சத்தம் கேட்டது. கரைக்குப் போக அனுமதி கிடைத்தவர்கள் இப்படித்தான் வந்து நிற்பார்கள்.

ஹெஸ்டர் சுக்கானை வலப்பக்கம் ஒடித்தாள். படகு திரும்பவில்லை. என்ஜின் இருமியது. நின்றது.

"பெக்கி, எதுல கொக்கியை மாட்டினே? எடு!" என்று அதட்டினாள் மேவிஸ்.

"நான் எங்கயும் மாட்டலையே!" பெக்கி அழுதுவிட்டாள். "அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்காங்க, மேவிஸ்."

அவள் கம்பை உதறிவிட்டுப் பின்வாங்கினாள். கம்பு விழவில்லை. பனிக்குள் நீட்டியபடி அப்படியே நின்றது.

படகு லேசாகத் தாழ்ந்தது. ஓர் ஆள் ஏறினால் தாழ்வது போல. இருக்கைப் பலகை கிறீச்சிட்டது. யாரும் இல்லை. பலகை மட்டும் ஓரிடத்தில் நனைந்து கறுத்தது. மறுபடி தாழ்ந்தது. பக்கத்தில் இன்னோர் இடம் கறுத்தது. பிறகு இன்னொன்று. தள்ளுமுள்ளு இல்லை. நல்ல பயிற்சி பெற்ற பையன்கள்.

சமையல்கட்டே போதும், காலம் பூரா அங்கேயே கிடக்கிறேன், கரையில் மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஹெஸ்டர் வாய்க்குள் கெஞ்சினாள்.

"மேவிஸ், படகு தாங்காது."

மேவிஸ் கண்களை இறுக மூடியிருந்தாள். "தார்ன்வுட்ல இருநூறு பேருடி."

விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கையகலம். பிறகு ஒரு விரல். பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் வழிந்து உள்ளே வந்தது. பூட்ஸுக்குள் இறங்கியது. பலகையில் இனி இடமில்லை. ஏதோ ஒன்று, சில்லென்று, ஹெஸ்டரின் தோளோடு தோள் உரசி, அடுத்தவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றது.

மேலே, படிக்கட்டில், பூட்ஸ் கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்துகொண்டே இருந்தன.