நண்பகலில் எடுத்த நகல்

மழை விடாத பிற்பகலில் கணினிக்காரர் ஆஸ்பத்திரியின் பழைய வார்டுக்குள் நுழைந்தார். சுவரெல்லாம் ஊறி, மருந்து நெடியோடு ஈர மண்வாடை கலந்து வீசியது.

யாருக்கு எந்த மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்ற விவரமெல்லாம் மேசையடிக் கணினிப் பெட்டியில் ஒரே கோப்பாக இருந்தது. இரண்டு மணிக்கு அதன் வட்டு பழுதாகிவிட்டது. ஐந்து மணி ஊசிக்கு முன் விவரம் வேண்டுமென்றாள் மாலை நர்ஸ் அக்கா. நண்பகலில்தான் நகல் எடுத்தேன், கவலையே வேண்டாம் என்றார் அவர்.

புது வட்டில் நகலை ஏற்றினார். திரை நிறைந்தது. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று சொல்லிவிட்டு அக்கா ஊசித் தட்டோடு ஏழாம் கட்டிலுக்கு நடந்தாள்.

அவர் பதிவுகளைக் கடைசிவரை உருட்டிப் பார்த்தார்.

எல்லாம் நேற்றோடு நின்றிருந்தன.

புதிதாக எழுதுவது முதலில் பக்கத்திலிருக்கும் சின்னக் கோப்பில் தங்கும். பிறகுதான் பெரிய கோப்பில் சேரும். வேலையை நிறுத்தாமல், அவசரத்தில், பெரியதை மட்டும் அவர் நகலெடுத்திருந்தார். சின்னது வட்டோடு போய்விட்டது. இன்று காலை எழுதியது எதுவும் இல்லை.

சொன்னால் வேலை போகும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

திரையில் ஒரு வரி ஊர்ந்து வந்தது: ‘கட்டில் ஏழு. இந்த ஊசி ஒத்துக்காது. போட வேண்டாம்.’

“அக்கா, போடாதீங்க!”

ஊசிமுனை தோலருகே நின்றது. அக்கா திரும்பி வந்தாள். அவர் தன் தவறை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. அந்த வரியின் ஓரத்திலிருந்த ஊழியர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலை நர்ஸ் நம்பர் இது,” என்றாள் மெல்ல. “ரெண்டரை மணிக்கு, வீட்டுக்குப் போற வழியில லாரி மோதி… உங்களுக்கு யாரும் சொல்லலையா தம்பி?”

பதிவான நேரம் நாலு ஐம்பத்தெட்டு.

சுவர்க் கடிகாரத்திலும் அதே நேரம்.

இருவரும் ஏழாம் கட்டிலுக்கு ஓடினார்கள். அதில் படுத்திருந்த பெரியவர் கண்விழித்திருந்தார்.

“அந்தத் தம்பியத் திட்டாதீங்கம்மா,” என்றார். “காலையில வந்த நர்ஸ் பொண்ணு இப்பத்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டுப் போச்சு.”

கட்டிலருகே இருந்த நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.