படத்துக்கு வைத்த தண்ணீர்

காலையில் முக்கால் தொட்டிக்கு ஊற்றிவிட்டுப் போன தண்ணீர், தினேஸ்வரி வேலை முடிந்து வந்தபோது பாதிகூட இல்லை. தொட்டியில் விரிசல் இல்லை, மேசையில் ஈரமும் இல்லை. குட்டித் தவளைகள் மட்டும் பாசியில் வயிற்றை அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவை வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையின் ரப்பர் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகாமலிருக்க, அவள் நாற்காலியில் சரிந்தாள். கவலைப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

கணவன் யுகேந்திரன் மகளுக்கு வாங்கிக் கொடுத்த கடைசிப் பொருள் அந்தத் தவளைகள்தாம். ஈப்போ நகரக் கடைக்காரர் சொன்னதையெல்லாம் கவிஷா பாடம்போல ஒப்பிப்பாள்: பைப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளோரின் தோலை எரிக்கும், ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர்தான் ஆகும், தவளை வாயால் குடிக்காது, வயிற்றுத் தோலால் உறிஞ்சும், தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். சிறுநீரகம் போன யுகேந்திரனுக்கு டாக்டர் அளந்து சொன்னதற்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது; மீறினால் கால் வீங்கி, விரல் அழுத்திய இடம் குழியாகவே நிற்கும்.

"இதுங்க குடுத்து வச்சதுங்க, தினேசு," என்று சிரிப்பான். கடைசியில் தண்ணீர் கேட்டுக் கெஞ்சியபடியேதான் போனான்.

கருமாதிவரை அவன் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர். போன வாரம் பத்து காஜா ஊர்ப்பக்கம் தண்ணீர்த் தடை. விட்டுவிட்டு வந்த குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி தூக்கியது. தவளைகளின் கால்கள் சிவந்துபோயின. கவிஷா அழுது தீர்த்தாள். வீட்டில் ஒரு நாள் நின்ற தண்ணீர் அந்தச் சொம்பில்தான் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று தினேஸ்வரி அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டாள். அதில் கையை விட்டுத் தவளைகளை இறக்கியது கவிஷாதான்.

பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்கு வேலியோரம் இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"ஏன்லா அப்படிச் செஞ்ச? அது அவருக்கு வச்சதுலா."

"திரும்ப ரொப்பி வச்சிட்டேன் அக்கா."

"ரொப்பினா என்னா? அந்தத் தண்ணி போன எடத்துக்குத்தான் அவரு வருவாரு."

முன்பெல்லாம் விடிந்தால் சொம்பில் ஒரு விரல் குறைந்திருக்கும். காற்றில் வற்றுகிறது என்று நினைத்துக்கொள்வாள். இப்போது குறைவதே இல்லை. விளிம்பு தளும்ப அப்படியே நிற்கிறது.

"கவிஷா!"

மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் ஓசைக்கு நடுவே, குளியலறைப் பக்கமிருந்து வேறொரு சத்தம் வந்தது; தண்ணீர் ஓடும் சத்தமல்ல, எதையோ மெல்ல, நிதானமாக, நிறுத்தாமல் உறிஞ்சும் சத்தம். கால்கள் வலிக்க எழுந்து நடந்தாள். வாசலில் ஒரு வாடை. சவர்க்கார வாடை இல்லை. ரத்தம் சுத்திகரிக்கும் அறையிலிருந்து யுகேந்திரன் சட்டையோடு கொண்டுவரும் வாடை.

கதவைத் தள்ளினாள்.

பள்ளிச் சீருடையோடு கவிஷா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பேசினுக்குள். உதடுகள் இறுக மூடியிருந்தன. சத்தம் நிற்கவில்லை.

"எந்திரிம்மா. ஒடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்ட போலாம்."

"டாக்டரு வேணாம், தினேசு."

பிள்ளையின் குரல்தான். பிள்ளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அவரு அளந்து குடுப்பாரு."

மகளை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும். தினேஸ்வரி குனிந்து காலைப் பற்றினாள். தூக்கினாள். கனத்தது. கட்டைவிரல் மாவில் புதைவதுபோல் உள்ளே போனது.

விரலை எடுத்தாள்.

குழி அப்படியே நின்றது. பேசினில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.