ஊருக்கு ஒரு வயிறு

பரிமாறி என்னும் எந்திரம் வடிவுநாயகியின் புறங்கைமேல் சுடச்சுடப் பாயசத்தை ஊற்றியபோது, அவள் எதற்காக இலையின் குறுக்கே கையை வைத்தாள் என்பது அந்தக் கல்யாணப் பந்தியில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

எந்திரத்தின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. பழைய கல்யாணக் காணொளிகளைக் காட்டித்தான் அதற்குப் பரிமாறும் முறையைக் கற்பித்திருந்தார்கள். அவற்றுள் எதிலும் எவரும் இலையை மறித்ததில்லை. ஆகவே, நீட்டிய கை இன்னும் கேட்கிறது என்றே அது பொருள் கொண்டது.

"என்னக்கா, கைய ஏன் உள்ள விட்டீங்க?" என்று பக்கத்து இலையில் இருந்தவள் கேட்டாள்.

"போதும்னு சொன்னேன்."

"எதுக்குப் போதும்? இன்னும் ரெண்டு பாயசம் வரவேண்டியிருக்கே."

அவள் கேலி செய்யவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள்.

உணவு ஆலைகள் நெடுங்காலமாகத் தம் பண்டங்களிலிருந்து ஒரேயொரு குறையை நீக்குவதற்குப் போட்டியிட்டு வந்தன. திகட்டுதல் என்பதே அக்குறை. உப்பும் இனிப்பும் கொழுப்பும் எந்த அளவில் கலந்தால் நாக்குச் சலிக்காது, எவ்வளவு மென்மையாக இருந்தால் பல்லுக்கு வேலையின்றித் தொண்டையில் இறங்கும், வயிறு மூளைக்குச் செய்தி அனுப்புவதற்குள் எத்தனை வாய் உள்ளே போகும் என்றெல்லாம் கணித்துக் கணித்து ஆக்கினார்கள். வயிறும் செய்தி அனுப்பி அனுப்பிப் பார்த்தது. கேட்பார் இல்லாமையால் நாளடைவில் அனுப்புவதை விட்டுவிட்டது. ஒருவர் மட்டும் பருத்திருந்தால் ஊர் கவனித்திருக்கும். எல்லாரும் சேர்ந்து பருத்தபோது தையற்காரர்தாம் முதலில் அறிந்தார். அவரும் நீளமான அளவுநாடா ஒன்றை வாங்கிக்கொண்டதோடு சரி.

வடிவுநாயகி தப்பியதற்கு அவளுடைய கட்டுப்பாடு காரணமன்று. ஆலைப் பண்டம் எது வாயில் பட்டாலும் குழந்தைப் பருவம் முதல் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். சோறு, மோர், சுண்டைக்காய் வற்றல் என்று தானே சமைத்து உண்டு வாழ்ந்தவள் அவள். கல்யாணப் பந்தியிலும் அடுப்பில் ஆக்கியதை மட்டுமே தொடுவாள்.

பந்தியில் நேர்ந்த இடையூறு எப்படியோ நிறைவு ஆய்வகம் என்னும் நிறுவனத்தின் காதுக்கு எட்டியது. அடுத்த வாரமே ஜெரால்டு என்ற இளம் பொறியாளர் பாளையங்கோட்டையில் அவளுடைய வீட்டைத் தேடிவந்து, இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்கி நின்றார்.

"அம்மா, அன்னைக்குப் பாயசம் வேண்டாம்னது நீங்கதானா?"

"ஆமா. இந்தா பாருங்க, கை கொப்புளிச்சுக் கெடக்கு. ஒங்க எந்திரத்துக்குக் கண்ணு கெடையாதா தம்பி?"

"மன்னிச்சுக்கோங்கம்மா. அந்த 'வேண்டாம்' ஒங்களுக்கு எப்படித் தோணிச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்."

உள்ளறைக் கட்டிலிலிருந்து சிரிப்பொலி எழுந்தது. அவளுடைய கணவர் ஆவுடையப்பன் அங்குப் படுத்திருந்தார். "அவளுக்கு எல்லாத்துக்கும் அதுதான் தம்பி தோணும். பொண்ணு பாக்கப் போனன்னைக்கு என்னையப் பாத்தே அதத்தான் சொன்னா."

சிரித்ததனால் அவருக்கு இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் முகம் கறுத்துவிட்டது. வடிவுநாயகி ஓடிச்சென்று அவர் முதுகைத் தாங்கினாள். அவர் மாடியிலிருந்து இறங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அறுவை செய்வதென்றால் முதலில் எடை குறைய வேண்டும், இல்லையேல் இதயம் அடுத்த மழைக்காலத்தைத் தாங்காது என்று மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார். அவளும் சோற்றை அளந்து வைத்துப் பார்த்தாள். தட்டு வெறுமையானதும் அவர் குழந்தையைப்போல் அழுததைக் காணப் பொறுக்காமல் மீண்டும் நிறைத்தாள்.

ஜெரால்டு விளக்கினார். மற்றவர்களின் வயிறு ஊமையாகிவிட்டது; ஆயினும் கேட்கும் மூளை கெட்டுவிடவில்லை. ஆகவே நன்றாகப் பேசும் வயிறு ஒன்று கிடைத்தால் அதன் பேச்சைப் பிறருக்கும் கேட்பிக்கலாம். வடிவுநாயகியின் வயிற்று நரம்பில் எள்ளளவான விதையொன்றைப் பதிப்பார்கள். அது எழுப்பும் நிறைவு அலையை, காதின் பின்னே ஒட்டிய நிறைவுணரி என்னும் சிறு வில்லை வாங்கிக்கொள்ளும்.

"கச்சேரியில சுருதிப் பெட்டி வைக்காங்கல்லா, அது மாதிரிம்மா. ஒண்ணு சரியா நின்னா எல்லாரும் அதோட சேந்துக்கிடலாம்."

வடிவுநாயகி கட்டிலின் ஓரத்தில் வீங்கித் தொங்கிய பாதங்களைப் பார்த்தாள்.

"மொதல்ல இவுகளுக்கு ஒட்டுவீங்களா?"

"மொதல்ல அவருக்குத்தான்."

அவ்வாறே செய்தார்கள். முதல் நாள் காலையில் ஆவுடையப்பன் மூன்றாவது இட்லியைப் பிட்டவர் அப்படியே நிறுத்தினார்.

"வடிவு, எனக்கு என்னமோ செய்யுது."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "எங்க வலிக்கி?"

"வலி இல்ல. இந்த இட்லி எதுக்கு என் கையில இருக்குன்னு தெரியல."

அவள் அடுக்களைக்குச் சென்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஓராண்டுக்குள் பாளையங்கோட்டை முழுவதும் நிறைவுணரி பரவியது. அவள் உண்ணும் வேளையே ஊர் உண்ணும் வேளையாயிற்று. அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது ஊரே கஞ்சியோடு எழுந்தது. பேருந்தில் மூவர் இருக்கையில் மீண்டும் மூவர் அமர்ந்தனர். ஆவுடையப்பனுக்கு அறுவை நலமாக முடிந்தது. அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கித் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்த அன்று, வடிவுநாயகி அவருடைய செருப்பில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் வைத்திருந்தாள்.

தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த வடிவுநாயகிக்கு இரண்டு இட்லியிலும் ஒரு வடையிலும் வயிறு நிறைந்துவிட்டது. ஊரும் அத்தோடு கைகழுவியது. சற்றைக்கெல்லாம் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுச் செண்பகம் அதிரசத் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னே படிவரிசை முழுவதும் ஆட்கள்.

"அக்கா, வருசத்துல ஒரு நாளு. தலைதீபாவளிக்கு மருமகன் வந்திருக்காரு. ரெண்டு இட்லியோட எந்திரிச்சிட்டாரு. அவங்க வீட்டுல என்ன நெனைப்பாங்க? நீங்க ஒண்ணு எடுத்தீங்கன்னா அவரும் ஒண்ணு எடுப்பாரு."

"எங்க ஐயாவுக்கு இதுதான் கடைசித் தீபாவளின்னுட்டாங்க. ஒரு அதிரசம் ஆசையாக் கேக்காரு," என்றார் பின்னால் நின்றவர்.

ஆவுடையப்பன் தம் இரு கால்களில் நிமிர்ந்து நின்று வாசலை மறித்தார். "போங்கவே. எம் பொண்டாட்டி வயிறு என்ன ஊர்ச் சொத்தா?"

"ஆமா, ஊர்ச் சொத்துதான். ஒம்ம காதுக்குப் பின்னால இருக்கது பின்ன யாரு சொத்து?" என்றது படியிலிருந்து ஒரு குரல்.

அவர் கதவைச் சாத்தினார். செண்பகம் நீட்டிய தட்டு மட்டும் அவர் கையில் தங்கிவிட்டது. அதோடு வந்து மனைவியின் அருகில் அமர்ந்தார்.

"நெய்யில சுட்டிருக்கா," என்றார்.

"மணக்குல்லா. வேணும்னா எடுத்துக்கிடுங்க."

"எடுத்துப் பாத்துட்டேன். வாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருது." தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நீ ஒண்ணு எடுத்தா..."

அவர் தமக்கென்று எதையும் கேட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. வடிவுநாயகி அவருடைய முகத்தைப் பார்த்தாள். நோய் நீங்கி, கன்னம் ஒட்டி, பெண் பார்க்க வந்த நாளின் சாயல் திரும்பியிருந்த முகம்.

"ஒண்ணுதான்," என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு."

அவள் உண்டாள். அவரும் கண்களை மூடிக்கொண்டு உண்டார். எதிர்வீட்டில் யாரோ கைதட்டிச் சிரிப்பது கேட்டது. சாகக் கிடக்கும் பெரியவருக்காக இரண்டாவதையும் எடுத்தாள். அதில் என்ன தவறு காண முடியும்?

மார்கழியில் ஜெரால்டின் தாயார் தம் கையால் சுட்ட கேக்கைக் கொண்டுவந்தார். வருசத்துல ஒரு நாள் என்றார். தையில் பொங்கல் வந்தது. மேலப்பாளையத்திலிருந்து நோன்புப் பெருநாள் பிரியாணி வந்தது. பிறகு ஒரு குழந்தையின் முதற்பிறந்தநாள், ஓர் ஆசிரியையின் பணிநிறைவு, ஓர் அறுபதாம் கல்யாணம். வந்தவர் ஒவ்வொருவருக்கும் அது ஆண்டில் ஒரே நாள்தான். பொய் சொன்னவர் ஒருவருமில்லை. நாட்கள் மட்டும் நிறைய இருந்தன.

வைகாசியில் அவள் ரவிக்கைகளின் தையலைப் பிரித்து அகலப்படுத்தினாள். ஆவுடையப்பன் தெருமுனை வரை போவதை விட்டுக் கீழ்வாசலோடு நின்றார். பிறகு முதல் மாடி வரை இறங்கியதோடு நின்றார். முழங்கால் வலி என்றார். பக்கத்து வீட்டாருக்கும் முழங்கால் வலிதான் என்பதால் அவளும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பண்டிகை ஒன்றுமில்லை, யாரும் கதவைத் தட்டவுமில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் வைத்து இருவரும் உண்டுகொண்டிருந்தார்கள். விலா எலும்பின் கீழே யாரோ ஒரு கதவை மெல்லச் சாத்துவதுபோல் அவளுக்கு அந்த நிறைவு வருவது வழக்கம். அதை எதிர்பார்த்து ஒரு வாய் உண்டாள். இன்னும் ஒரு வாய் உண்டாள். சட்டியில் சோறு பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததைக் கண்டு கையை நிறுத்தினாள். கை நின்றதேயன்றி அந்தக் கதவு சாத்திக்கொள்ளவில்லை.

"ஏங்க," என்றாள். "எனக்குப் போதுமா?"

ஆவுடையப்பன் வாய்ச்சோற்றை விழுங்கிவிட்டு அவளை வியப்போடு பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தான எனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியலங்க. நீங்க சொல்லுங்க."

அவர் காதின் பின்னே இருந்த வில்லையை விரலால் அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார். உச்சிவேளை கழிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. தெருவில் ஒரு வண்டியும் ஓடவில்லை. இருபுறத்து வீடுகளிலிருந்தும் தட்டில் கரண்டி படும் ஓசை இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்கல வடிவு," என்று சொல்லிவிட்டு, அவர் சட்டியைத் தம் பக்கம் இழுத்தார்.