புகை வராத காலை

காலை ஆறே முக்காலுக்குக் கதவை உடைத்தார்கள். கஜா பெராங் குடியிருப்பில் விநாயகம் நடத்திவந்த சோப்புப் பட்டறை உள்ளே தாழிடப்பட்டிருந்தது. அறை முழுக்கக் கரும்புகை. அடுப்படியில் தொழிலாளி சுப்பையன் குப்புறக் கிடந்தார். மூச்சு இழையாக ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் நல்லையா வந்தபோது மணி ஏழேகால். பட்டறையின் பின்புறத்துக்குப் போக அடுத்த வீட்டு முற்றத்தைக் கடக்க வேண்டும். கொடியில் வெள்ளைச் சட்டைகளும் ஒரு படுக்கை விரிப்பும் தொங்கின. குனிந்து போனவரின் முகத்தில் விரிப்பு உரசியது. ஓரத்தில் மட்டும் ஈரம். பட்டறையின் தாழ்ந்த தகரக் கூரையில் இடுப்பளவுப் புகைபோக்கி. அதன் வாயில் நனைத்த சாக்கு ஒன்றைத் திணித்திருந்தார்கள். சாக்கில் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர் சிதம்பரநாதனின் முத்திரை.

விநாயகம் உடனே அவரைத்தான் கைகாட்டினார். சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் வெளிநாட்டுச் சோப்புக்கு வரி கூடியது. கப்பல் சோப்பு விற்ற சிதம்பரநாதனின் வியாபாரம் படுத்தது. விநாயகத்தின் அடுப்பு விடிகாலையிலிருந்து இருட்டும்வரை எரிந்தது. அடுப்பு எண்ணெய் விலை ஏறவே கித்தா என்கிற ரப்பர் மர விறகுக்கு மாறினார், பிறகு அதைவிட மலிவான பழைய டயருக்கு. சுற்றியிருந்த கம்பத்து வீட்டுக்காரர்கள் புகையைப் பற்றி முறையிட்டதும், போன வாரம்தான், யாரும் உள்ளே வந்து பார்க்காதபடி கதவைத் தாழிட்டு வேலை செய்யச் சொல்லியிருந்தார்.

சிதம்பரநாதன் பதறவில்லை.

"என் சாக்கு ஊரு பூராவும் கெடக்கு, சார். முன்ன சோப்பைச் சீமையில காய்ச்சினான், பொகையும் அங்கேயே போச்சு. வரி போட்டதும் சோப்பு இங்க வந்துச்சு, பொகையும் கூடவே வந்துச்சு. இப்ப விநாயகம் சோப்பைத்தான் நானும் விக்கிறேன். என் பொழப்ப நானே கெடுத்துக்குவனா?"

நல்லையா மறுபடியும் அந்த முற்றத்துக்கு வந்தார். வீட்டுக்காரி விஜயாவின் கணவர் தேவதாஸ் ஆஸ்பத்திரி ஊழியர். முதல்நாள் அவருக்கு இரவு வேலை. உள்ளே பாயில் அவர்களுடைய மகள் பாக்கியலட்சுமி படுத்திருந்தாள். மூச்சு விசிலடித்தது. இரவில் எதுவும் கேட்கவில்லை என்றாள் விஜயா. பட்டறை வந்த நாளாய் வெளியே துணி காயப்போட முடிவதில்லை, எல்லாம் சமையலறைக்குள்தான் என்று அலுத்துக்கொண்டாள்.

நல்லையா முற்றத்துக் கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நேத்து ராத்திரி மட்டும் ஏன் வெளிய போட்டீங்க, அம்மா?"

நல்லையா குரலை உயர்த்தாமல் விளக்கினார். சுப்பையன் அடுப்பு மூட்டுவது விடிகாலை ஐந்து மணிக்கு. ஏழேகாலுக்குள் விரிப்பு அவ்வளவு காய்ந்திருந்தால் ஐந்து மணிக்கு வெகுநேரம் முன்பே கொடியில் ஏறியிருக்க வேண்டும். இன்று புகை வராது என்று தெரிந்தவர்தான் அந்தப் புகைபோக்கியின் அடியில் வெள்ளைத் துணி போடுவார். சாக்கை வைத்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

விஜயா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"பொகை திரும்பினா அடுப்ப அணைச்சிடுவாங்க, ஒரு நாளாவது புள்ள நல்லா மூச்சு விடும்னு நெனச்சேன், சார். கதவைத் தாப்பா போடுறது தெரியாது. அவரு பொழைச்சிடுவாரா?"

நல்லையாவுக்கும் தெரியாது. ஸ்டேஷனுக்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தேவதாஸ் சுப்பையனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். மனைவியையும் இன்ஸ்பெக்டரையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் கை நின்றது.

மத்தியானம் சுப்பையன் கண் திறந்தார். ரப்பர் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதில் பால்வெட்டு வேலை இழந்து பட்டறைக்கு வந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு நல்லையாவின் பக்கம் திரும்பினார்.

"பட்டறைய மூடிடாதீங்க, சார். டயரு மட்டும் வேணாம்னு சொல்லுங்க. அந்தப் புள்ள இருமுறது எனக்கும் கேக்கும்."

கோர்ட்டிலும் அதையே சொன்னார். விஜயாவை நன்னடத்தை ஜாமீனில் விட்டார்கள். கதவைத் தாழிடச் சொன்னதற்கும் டயர் எரித்ததற்கும் விநாயகத்துக்கு அபராதம். அவர் புகைபோக்கியை உயர்த்தினார், விறகுக்குத் திரும்பினார், சோப்பு விலையைக் கொஞ்சம் ஏற்றினார். ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள்.

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தீக்குச்சியைக் கிழிக்குமுன் சுப்பையன் சுவருக்கு அப்பாலிருந்த விஜயாவுக்குக் குரல் கொடுத்தார்.

"பத்த வைக்கப் போறேன், தங்கச்சி. சன்னலைச் சாத்திக்கம்மா."