பட்டை கட்டிய கை

தூங்கிக்கொண்டிருந்த தங்கையின் விரல்கள் மட்டும் எதையோ மடித்துக்கொண்டிருந்தன.

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கை அசைவது பெரிய விஷயமில்லைதான். ஆனால் முதலில் குட்டை மடிப்பு, பிறகு நீள மடிப்பு, மேலே உள்ளங்கையால் ஓர் அழுத்து. கிடங்கில் அக்கா டேப் ஒட்டுவதற்கு முன் அட்டைப்பெட்டியை மூடும் விதம் அது. தங்கை அங்கே போனதே இல்லை.

தங்கையின் மணிக்கட்டில் இருந்தது அக்காவின் பட்டை. கிடங்கில் வேலை செய்கிற எல்லோர் கையிலும் அந்தக் கருவியைக் கட்டியிருந்தார்கள். வேலையில் கை நின்றால் இரண்டு தடவை அதிரும். வீட்டில் தூக்கத்தை அளக்கும். தூக்கம் குறைந்தால், ‘உங்கள் நலனுக்காக இன்று ஓய்வெடுங்கள்’ என்று போனில் செய்தி வரும்; கிடங்கின் வாசல் கதவு திறக்காது. சம்பளமும் கிடையாது. இரவில் கிடங்கு, பகலில் தங்கையின் மருந்துக்காக வேறொரு வீட்டில் சமையல் என்று ஓடுகிறவள் எங்கே தூங்குவது?

வழி சொன்னவள் கிடங்கில் லேபிள் ஒட்டுகிறவள். “எங்க வீட்டுக்காரர் கையில கட்டிட்டேன்டி. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை தூங்குறதுதானே, அதையாவது எனக்காகச் செய்யட்டும்!” எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நாளாக அவள் வேலைக்கு வருவதில்லை. வீட்டுக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டதாம்.

திரைச்சீலை வழியே சாயங்கால வெயில் பழுப்பாக வடிந்துகொண்டிருந்த அந்த அறையில், மருந்து நெடியோடு இன்னொரு வாசனையும் வந்தது. தன் உடம்பில்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து அக்கா புடவையை மோந்து பார்த்தாள். இல்லை. புது அட்டையின் வாசனை தங்கையின் தலைமுடியிலிருந்து வந்தது.

“குட்டி, தூங்கினியா?”

“தூங்கினேன்க்கா.” கண் திறக்கவில்லை. “கால்தான் கடுக்குது. பெட்டி வந்துக்கிட்டே இருந்துச்சு. எப்படிக்கா நீ தினமும் இவ்வளவும் செய்யுற?”

அக்காவின் போன் ஒளிர்ந்தது. ‘வாழ்த்துகள்! இன்று ஆழ்ந்து தூங்கினீர்கள்.’

அவசரமாகத் தங்கையின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினாள். வேலை போனால் போகட்டும். வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். உள்ளே நடுங்கியது. குமிழி விட்டது. நின்றது.

வந்து தங்கையின் பக்கத்தில் சரிந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கண் தானாக மூடியது.

அதிர்வு. இரண்டு தடவை.

வாளியிலிருந்து வரவில்லை. காதருகே.

தங்கையின் வெறும் மணிக்கட்டில், தோலுக்கு அடியில், மறுபடியும் இரண்டு தடவை.

“குட்டி?”

மூடிய கண்களோடு தங்கை எழுந்து உட்கார்ந்தாள். அக்காவின் கையைத் தேடி எடுத்தாள். சுண்டுவிரலை உள்ளே மடித்தாள். பிறகு அடுத்தது. நீள விரல்களைக் கடைசியாக. உள்ளங்கையால் ஓர் அழுத்து. எலும்பு முறிந்தது.

தங்கையின் இன்னொரு கை, படுக்கையில் டேப்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.