அசையாமல் நாற்பது நிமிடம்

ஸ்கேன் மெஷின் தட்டுவதை நிறுத்திய பிறகும் ஒரு தட்டல் பாக்கி இருந்தது.

ஓடெட் மூச்சைப் பிடித்தாள். காதில் பஞ்சு, அதன் மேல் ஹெட்போன். அதையும் தாண்டி, அடுத்த அறையில் ஸ்கேன் எடுக்கும் டாரில் டோனட் உறையைப் பிரிக்கும் சரசரப்பு அவளுக்குக் கேட்டது. சாக்ஸின் தையல் விரலை அறுத்தது. இடுப்பின் மேல் பட்டையால் கட்டிய ஸ்கேன் பலகை, மாடு ஏறிப் படுத்ததுபோல் கனத்தது. கண்ணுக்கு மேல் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பாதம்வரை தெரிந்தது. குழாய்க்குள் பயப்படாமலிருக்க அந்த ஏற்பாடு.

பதினோரு வருடமாக அடிவயிற்றில் வலி. 'உள்ளே யாரோ முஷ்டியை மடக்கி வைத்திருப்பது போல' என்று ஒவ்வொரு படிவத்திலும் எழுதினாள். சட்பரி நகரத்து டாக்டர்கள் உவமையைப் பாராட்டினார்கள். ஒருவர் யோகா எழுதிக்கொடுத்தார். இந்தப் படத்துக்குப் பதினான்கு மாதம் காத்திருந்தாள். அசைந்தால் படம் கலங்கும், மறுபடி வரிசையின் கடைசி. தெளிவாக விழுந்தால், ஒருவராவது நம்புவார்.

"ஓடெட், உயிரோட இருக்கீங்களா?" ஹெட்போனில் டாரில்.

"ஏதோ தட்டுச்சே?"

"மெஷின்தான். அதுக்கு வேற வேலையே கிடையாது."

"மெஷின் நின்னப்புறம்."

"ஈ நடந்தாலும் உங்களுக்குக் கேக்குமாமே, ஃபைல்ல போட்டிருக்கு! கடைசி ஆறு நிமிஷம். அசையாதீங்க."

மறுபடி இரைச்சல். பல்லுக்குள், எலும்புக்குள், கண்ணுக்குப் பின்னால். முஷ்டி வழக்கம்போல் இறுகியது. பிறகு, பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தளர்ந்தது.

ஒவ்வொரு விரலாக.

இரைச்சல் நின்றது.

"வயித்து மேல கை வைக்காதீங்கன்னு சொன்னேனே. படத்துல விழுது."

"என் கை ரெண்டும் பட்டைக்குள்ள இருக்கு, டாரில்."

அவன் மைக்கை அணைக்கவில்லை. அவள் காது ஒன்றையும் விடவில்லை. நாற்காலி விழுந்தது. கதவு. நடையில் ஓடும் ஷூ. இன்னொரு கதவு.

கடைசியில் ஒருவன் நம்பிவிட்டான்.

அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கினாள். காலி அறையில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பலகையின் பட்டை ஒன்று தெறித்தது. பலகை மெல்லச் சரிந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். மெல்லிய கவுன் ஐந்து இடத்தில் கூராக எழும்பி நின்றது.

உள்ளிருந்து.

சுட்டுவிரல் மட்டும் பொறுமையாகத் தட்டியது.