எல்லம்மாள் கேட்ட மிச்சப் படம்

வார்டு மூலையில் நின்றிருந்த துணி மறைப்பைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டபோது, அதற்குப் பின்னால் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று வெங்கடராகவனுக்குத் தெரியாது. ஆளுயர மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பச்சைத் துணி. பார்க்கக் கதவு மாதிரியே இருந்தது. அவனுக்கு அப்போது அவசரமாக ஒரு கதவு தேவைப்பட்டது.

செங்கல்பட்டில் வக்கீல் குமாஸ்தா அவன். அந்நிய பாஷைப் படங்கள் என்றால் பைத்தியம். ஞாயிறு காலையில் சென்னைக்குப் போய், ஏதாவதொரு கொட்டகையில் பிரெஞ்சோ இத்தாலியனோ ஜப்பானோ, கிடைத்ததைப் பார்ப்பான். திரும்ப ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் மாமல்லபுரம். இறங்கித் தெற்கே மணலில் கால் புதைய நடந்தால், சவுக்குத் தோப்பை ஒட்டிக் காசநோய் வார்டு. அவன் மனைவி பெருந்தேவி அங்கேதான் படுத்திருந்தாள். கடல் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று சொன்னார்கள்.

நோயாளிகளைப் பார்க்கும் நேரம் சாயங்காலம் கொஞ்சம்தான். அதற்குள் வந்து சேர வேண்டுமானால் எந்தப் படத்தையும் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே உலகத்துச் சினிமாவின் முடிவு ஒன்றைக்கூட அவன் கண்டதில்லை. அது அவனுடைய உற்சாகத்தைக் குறைத்ததுமில்லை. "கட்டாயம் போய்ப் பாருங்கோ" என்று கோர்ட்டு வராந்தாவில் எல்லோரையும் பிடித்துக்கொள்வான். அவன் தலை தெரிந்தால், ஜப்தி வாரண்டுக்குப் பயப்படாத கட்சிக்காரர்கள்கூடத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

ஓட முடியாமல் மாட்டிக்கொண்டவள் பெருந்தேவி ஒருத்திதான். அவள் கஞ்சியை ஒதுக்க ஆரம்பித்தபோது அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவான். மிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதுவும் கஞ்சி குடித்தால்தான். வாய்தா வாங்கி வாங்கியே செத்த வழக்குகளுக்கெல்லாம் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அதே வித்தையை மனைவியிடம் காட்டினான்.

"போறும் உங்க வாய்தா" என்பாள். ஆனால் குடிப்பாள்.

அந்த வாரம் அவன் பார்த்த படம், அதுவரை பார்த்ததிலெல்லாம் உசத்தி. சண்டையில் இடிந்துபோன ஊர். எங்கு பார்த்தாலும் பனி. ஒரு கிழவன் தன் வீட்டுக் கதவை முதுகில் சுமந்துகொண்டு வீட்டைத் தேடி அலைகிறான். பேசிய பாஷையில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான் வெங்கடராகவன்.

அதை நடித்துக் காட்டத்தான் மறைப்பை எடுத்தது. குனிந்து, தள்ளாடி, கட்டில்களுக்கு நடுவே பனியில் நடந்தான். பெருந்தேவி சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவன் பதறித் திரும்பியதில் மறைப்பு சரிந்து தரையில் விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் எல்லம்மாள் கிடந்தாள். திருப்போரூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண். கன்னமெல்லாம் உள்ளே போய், கண் மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கதையை முதலிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"வூடு கெட்ச்சுதா சாமி?" என்றாள்.

பழக்க தோஷம். "அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேம்மா" என்றான்.

நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்து மறைப்பை நிமிர்த்தி வைப்பதற்குள் எல்லம்மாள் போய்விட்டாள்.

செத்துக்கொண்டிருந்தவளிடம் போய் வாய்தா கேட்டவன் தமிழ்நாட்டில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டான். சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டிலில் மெத்தை இல்லை. வெயிலில் போட்டிருந்தார்கள். வெறும் இரும்புச் சட்டமும் கம்பி வலையும். ஜன்னலுக்கு வெளியே கடல் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. வார்டில் பினாயில் நெடி. வெங்கடராகவன் முக்காலியை இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

"கதவைத் தூக்கிண்டு அந்தக் கிழவன்..."

கட்டில் கிறீச்சிட்டது.

பெருந்தேவியின் கட்டில் இல்லை. பக்கத்துக் கட்டில். படுத்திருப்பவர் நன்றாகக் கேட்பதற்காக ஒருக்களித்துத் திரும்பும் சத்தம்.

அவன் நிறுத்தினான். சத்தம் நின்றது. மெல்ல ஆரம்பித்தான். கம்பி வலை, நடுவில், ஒரு முழங்கை ஊன்றினால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியது. பினாயிலை மீறி ஒரு வாசனை எழுந்தது. நெல் அவிக்கிற வாசனை.

சுற்றுவட்டாரத்தில் வீடே கிடையாது. மணலும் சவுக்கும்தான்.

"பெருந்தேவி," என்று குரலைத் தாழ்த்தினான், "உனக்கு ஏதாவது கேக்கறதா?"

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். உதடு மெல்லப் பிரிந்தது.

"வூடு கெட்ச்சுதா சாமி?"

காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து 'ஏன்னா' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை.

அவனுடைய வாய் தானாகப் பேசியது.

"கிடைச்சுது. கிடைச்சுடுத்தும்மா. வாசல்ல ஆம்படையா நிக்கறா. உள்ளே சாத்தமுது கொதிக்கறது."

பனி பெய்யும் தேசத்தில் ரசம் கொதிப்பதை எல்லம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

"பொய்யி" என்றது பெருந்தேவியின் வாய்.

அன்றைக்கு அவள் கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த வாரம் பாலும் இறங்கவில்லை என்றாள் ஜெசிந்தா.

"பிழைச்சுப்பாளா சிஸ்டர்?"

"பாக்கலாம் சார்."

டாக்டரைக் கேட்டான். "சாப்பிடட்டும்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து. பெருந்தேவியையே கேட்டான். "தேவலை" என்றாள், தன் குரலில். அந்தக் குரலில் அவள் பேசுவது குறைந்துகொண்டே வந்தது.

முடிவைச் சொன்னால் எல்லம்மாள் போய்விடுவாள், பெருந்தேவி கஞ்சி குடிப்பாள். அவனுக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வேலை நாளில் லீவு சொல்லிவிட்டுச் சென்னைக்கு ஓடினான். படப்பெட்டி போய்விட்டது. எங்கே என்று கேட்டதற்குக் கொட்டகைக்காரன் வடக்கே கையைக் காட்டினான். வடக்கே இந்தியா முழுவதும் இருந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது. எத்தனை பேரிடம் இந்தப் படத்தைப் போய்ப் பாருங்கள் என்று மன்றாடியிருக்கிறான்! ஒருவனாவது கடைசி வரை உட்கார்ந்திருப்பானே. பக்கத்து மேஜைக் குமாஸ்தா ராஜாராமைப் பிடித்தான். 'பார்த்துட்டேன் சாமி, ஏ ஒன்' என்று ஒவ்வொரு படத்துக்கும் தவறாமல் சொல்கிறவன்.

"அந்தப் பனிப் படம் போனியே ராஜாராம், முடிவு என்ன?"

"முடிவா? முடிவுதான் சாமி படமே."

"வீடு கிடைச்சுதா, இல்லையா?"

"கெட்ச்ச மாதிரியும் கீது, கெடைக்காத மாதிரியும் கீது. வெள்ளக்காரன் படம்னா அப்டித்தானே."

"கிழவன் எதைத் தூக்கிண்டு போனான்? அதையாவது சொல்லு."

ராஜாராம் கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்தான், கட்டினான். "நாஸ்தா ஆச்சா சாமி?" என்றான்.

ஒவ்வொருவராகக் கேட்டான். ஒவ்வொருவரும் அவனுக்குக் காப்பி வாங்கித் தர முன்வந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவன் பேச்சைக் கேட்டு ஒருவரும் ஒரு படத்துக்கும் போனதில்லை. அவன் மனசு நோகக் கூடாதென்று இந்த ஊரே பொய் சொல்லியிருக்கிறது. வேறு சமயமாக இருந்தால், இதைச் சொல்லிப் பெருந்தேவியை ஒரு வாரம் சிரிக்க வைத்திருப்பான்.

அந்த ஞாயிறு அவன் எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. நேரே வந்துவிட்டான். வானம் மூடியிருந்தது. தோப்பில் சவுக்கு ஊசிகள் இழைந்து இரைந்தன. வார்டு வாசலிலேயே ஜெசிந்தா அவனை நிறுத்தினாள்.

"அந்தக் கட்டில்ல ஆள் போட முடியல சார்" என்றாள், கிசுகிசுப்பாக. "மெத்த போட்டுப் படுக்க வெச்சாலும் எந்திரிச்சு வந்துடறாங்க. ஏற்கெனவே ஆளு கீதுங்கறாங்க."

"இவ பிழைப்பாளா சிஸ்டர்? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கோ."

"காத்து சில்லுன்னு கீது. காதைக் கட்டிக்குங்க சார்."

பெருந்தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அவன் முக்காலியைத் திருப்பிப் போட்டு, மனைவிக்கு முதுகைக் காட்டி, வெறும் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தான்.

நெல் அவிக்கும் வாசனை.

"எல்லம்மா," என்றான், "எனக்கு முடிவு தெரியாது. இவளைப் பாக்க நேரமாச்சுன்னு பாதியிலே எழுந்து வந்துட்டேன். இனிமே தெரிஞ்சுக்கவும் வழியில்லை. உனக்குக் கோபம் இருந்தா என் மேல காட்டு. எங்க ஆத்துக்கு வா, கூடத்துல உக்காந்துக்கோ. எனக்குத் தெரிஞ்ச படமெல்லாம் சொல்றேன். எல்லாம் பாதி பாதிதான்."

கட்டில் அசையவில்லை.

"இவளை மட்டும் விட்டுடு. பிழைச்சுக்கட்டும்."

அலை ஒன்று வந்து விழுந்தது. அடுத்தது வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

வாசனை அவன் முகத்தருகே வந்து நின்றது. பிறகு அவனைத் தாண்டிப் பின்னால் போனது.

"பொழைக்க மாட்டாங்க சாமி."

திரும்பினான்.

பெருந்தேவியின் கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. அவளுடைய வலது கை போர்வையைவிட்டு வெளியே வந்து, இரண்டு கட்டில்களுக்கும் நடுவே நீண்டிருந்தது. அது தொங்கவில்லை. தாங்க எதுவும் இல்லாமல் மட்டமாக நின்றது. விரல்கள் எதன் மேலோ இறுக மூடி, முட்டியெல்லாம் வெளுத்திருந்தன.

"விடு" என்றான். "அவ கையை விடு, எல்லம்மா."

"படம் கெடக்குது சாமி. நான் எங்க புடிச்சினு கீறேன்? நான் அன்னிக்கே போயிருப்பேன். அவங்கதான் என் கைய வுடமாட்டேன்றாங்க. தனியாப் போவ பயமா கீதாம்."